குறுணிக்கு ஆயுசு ஒரு நொடியானது எப்படி

மனிதர்கள் இன்னும் வந்து சேராத காலம் அது. எருமை பேசும், எருமை மேய்கிற கோரைப்புல்லும் பேசும், அந்த எருமையின் குடலுக்குள் குடியிருக்கிற கிருமியும் பேசும். கிருமி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் இந்த நிமிடம் கோடிக்கணக்கில் குடியிருப்பது அதே வம்சம்தான். நம்மைக் கேட்டா குடிவந்தார்கள் என்றால், இல்லை. அது வேறு விஷயம்.

அந்தக் குடலில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். வீடும் அவளே, வீட்டுக்காரியும் அவளே. கிருமிகளின் ஏற்பாடு அப்படி. ஒரே ஓர் அறை, சுற்றிலும் ஒரு சுவர், நடுவில் ஒரு பெரிய புத்தகம். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்துக்கு முன்னால் நகல்காரன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதைப் பார்த்து ஒரு சீட்டு எழுதி வீசுவான். அடுப்படியில் இருக்கும் சமையல்காரர்கள் அந்தச் சீட்டை எடுத்து, தலையிலிருந்து வால் வரை படித்து, அதில் சொன்னதைச் செய்து வைப்பார்கள். சுவருக்குச் செங்கல் என்றால் செங்கல். சர்க்கரையை உள்ளே இழுக்கிற கொக்கி என்றால் கொக்கி.

அந்த வீட்டில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே கிடையாது. இதைச் செய்யாதீர்கள் என்று ஒச்சாயி தொண்டை கிழியக் கத்தினாலும் சமையல்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். சீட்டு வந்தால் செய்வார்கள், அவ்வளவுதான். செய்யச் சொல்லியிருப்பது நல்லதா கெட்டதா என்று யோசிக்கிற பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே இல்லை. ஒரே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

அதனால்தான் வீட்டுக்குள் ஒரு கத்தரிக்காரி சுற்றிக்கொண்டே இருப்பாள். கண்ணில் படுகிற சீட்டின் வாலைப் பிடித்து நறுக் நறுக்கென்று நறுக்கிப் போட்டுவிடுவாள். எந்தச் சீட்டுக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயுசு கிடையாது. அவளுக்கு யார் மேலும் பகையும் இல்லை, பாசமும் இல்லை. பாத்திரம் தேய்க்கிறவள் பாத்திரம் தேய்ப்பது போல, அது அவள் வேலை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் புத்தகத்தில், யாரும் எழுதாத ஒரு பக்கம் இருந்தது. எப்போதோ அந்த வழியாகப் போன ஒரு வழிப்போக்கன் உள்ளே புகுந்து, இரண்டு பக்கங்களுக்கு நடுவில் தன் பக்கத்தை ஒட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அந்தப் பக்கத்தில் இருந்தது துளையனைச் செய்கிற முறை. துளையன் பார்ப்பதற்கு ஒரு குச்சி மாதிரி இருப்பான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. நேரே போய்ச் சுவரில் நின்று ஓட்டை போடுவான்.

சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன, அடைத்துக்கொண்டால் போயிற்று என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. கிருமி வீட்டு அடுப்பு எரிவதே சுவர் இறுக்கமாக இருப்பதால்தான். ஒன்றிரண்டு ஓட்டை விழுந்தால் அடுப்பு தணிந்துவிடும். அதற்கு மேல் விழுந்தால் ஒரேயடியாக அணைந்து போகும். அப்புறம் மூட்டுவதற்கு உள்ளே ஆள் இருக்காது.

பக்கத்து வீட்டுக் கருத்தாயிக்கு அதுதான் நடந்தது. அவள் வீட்டு நகல்காரன் ஏதோ ஒரு கணத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வரிசையாகப் பத்துச் சீட்டு எழுதி வீசிவிட்டான். கத்தரிக்காரி வந்து பார்த்தாள். மற்ற சீட்டுகளுக்கு வால் வெளியே தொங்கும். துளையன் சீட்டுக்கு வால் உள்பக்கமாகச் சுருண்டு மடிந்திருந்தது. பிடி கிடைக்கவில்லை, போய்விட்டாள். சமையல்காரர்கள் துளையன்களைச் செய்து செய்து அடுக்கினார்கள். எருமை ஒரு தடவை அசைபோட்டு முடிப்பதற்குள் கருத்தாயியின் அடுப்பு அணைந்துவிட்டது. சுவர் மட்டும் அப்படியே நின்றது.

ஒச்சாயியால் அதை அடுத்த வீட்டுச் சாவு என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் கருத்தாயியும் அவளும் சற்று முன்னால் வரை ஒரே ஆள். கிருமிக்குப் பிள்ளைப்பேறு என்று ஒன்று கிடையாது. புத்தகத்தை முழுசாக இன்னொரு படி எடுத்து, நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் ஒருத்தி இரண்டு பேர். யார் தாய், யார் மகள் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் கருத்தாயி புத்தகத்தில் இருந்த பக்கம் தன் புத்தகத்திலும் கட்டாயம் இருக்கும் என்று ஒச்சாயிக்குத் தெரியும்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கம் திறந்தே இருந்தது. நகல்காரன் ஒரு சீட்டை எழுதி வீசியும் விட்டான். ஒரு சமையல்காரன் அதை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஒச்சாயிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பதற்றத்தில் அந்தப் பக்கத்தைப் பிடித்து மறுபுறமாகத் திருப்பி நகல்காரன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். அவன் எதையும் கேட்கிற ஆளா? நீட்டியதைப் பார்த்து எழுதினான். அதே பக்கத்தைப் பின்னாலிருந்து படித்ததால், ஒரு சின்னஞ்சிறு சீட்டு வந்து விழுந்தது. துளையன் சீட்டில் எங்கெல்லாம் மேடு இருந்ததோ அங்கெல்லாம் இதில் பள்ளம் இருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் மேடு. விழுந்த வேகத்தில் அது நேரே போய்த் துளையன் சீட்டின் தலைமாட்டில் படுத்து, எழுத்துக்கு எழுத்து கோத்துக்கொண்டது. சமையல்காரன் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே ஆரம்பிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனான்.

அந்தச் சின்னச் சீட்டுக்குத்தான் ஒச்சாயி குறுணி என்று பேர் வைத்தாள். அளவில் அவ்வளவு சின்னது.

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் ஒச்சாயி அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கத்தரிக்காரி வந்துகொண்டிருந்தாள். குறுணியின் வால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குறுணியை அவள் நறுக்கிவிட்டால் துளையன் சீட்டு மறுபடியும் அடுப்படிக்குப் போய்விடும். ஒச்சாயி துளையன் சீட்டின் வால் எப்படி மடிந்திருக்கிறது என்று பார்த்தாள். பார்த்து, அதே மாதிரி குறுணியின் வாலையும் மூன்று சுற்று உள்ளே மடித்துச் செருகிவிட்டாள். கத்தரிக்காரி வந்து தடவிப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை, போய்விட்டாள்.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டாள். இனி நகல்காரன் அதைத் திறக்கவும் முடியாது, துளையன் சீட்டும் வராது, குறுணியும் வராது. வீட்டில் ஒரே ஒரு நஞ்சு, அதற்கு ஒரே ஒரு காவல், காவலுக்குச் சாவே இல்லை. பிரமாதமான யோசனை என்று ஒச்சாயி தன்னையே மெச்சிக்கொண்டாள். நானும் முதலில் கேட்டபோது நல்ல யோசனைதானே என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு ஒச்சாயி எத்தனையோ தடவை இரண்டானாள். ஒவ்வொரு தடவையும் குறுணியும் துளையன் சீட்டும் ஏதாவது ஒரு பக்கத்துச் சுவருக்குள்தான் மாட்டும். அவை எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கத்துக்காரிக்கு ஒச்சாயி என்ற பேர் நின்றது. மற்றவளுக்கு வேறு பேர். அவள் புத்தகத்திலும் நூல் கட்டிய பக்கம் இருக்கும், ஆனால் வீட்டில் நஞ்சு இருக்காது. நிம்மதியான பிழைப்பு. மடியில் நஞ்சை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா என்று அவர்கள் ஒச்சாயியைக் கேலி பேசுவார்கள்.

ஒச்சாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குக் குறுணியைப் பிடித்துப் போயிருந்தது. யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் மற்ற எல்லாச் சீட்டும் இரண்டு நிமிடத்தில் துண்டாகிப் போகிறவை. பேச்சைத் தொடங்கினால் முடிப்பதற்குள் ஆள் இருக்காது. நகல்காரனும் சமையல்காரர்களும் வாயைத் திறப்பதே இல்லை. நேற்று நடந்ததை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆள் குறுணிதான். கையை எடுக்க முடியாமல் ஒரே இடத்தில் கிடக்கிறவளுக்கு, வெளியே நடப்பதைக் கேட்பதில் அப்படி ஓர் ஆசை. ஒச்சாயி தினமும் வந்து குடல் முழுக்க நடந்த கதையைச் சொல்லுவாள். எந்த மூலையில் சர்க்கரை வந்தது, யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள், எவள் இரண்டாகும்போது சுவரைக் கோணலாகக் கட்டினாள் என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். குறுணி நடுவில் கேள்வி கேட்டு மடக்குவாள். போன வாரம் வேற மாதிரி சொன்னியே ஆத்தா என்பாள். ஒச்சாயிக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மழைக்காலம் வரை.

அந்த வருடம் விடாத மழை. குளக்கரைக் கோரைப்புல் நனைந்து ஊறி, அதில் பூஞ்சணம் பூத்துவிட்டது. வேறு மேய்ச்சல் இல்லாமல் எருமை அதையே மேய்ந்தது. பூஞ்சணத்துக்கும் கிருமிக்கும் என்றைக்கும் ஆகாது. இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டின் மேல்தான் கண். பூஞ்சணத்திடம் ஒரு சாறு உண்டு. அந்தச் சாறு எருமையின் குடலுக்குள் மெல்ல மெல்ல இறங்கி வந்தது.

அந்தச் சாற்றின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. கட்டி முடித்து நிற்கிற சுவரை அது தொடாது. சுவர் கட்டிக்கொண்டிருக்கிற கொத்தனாரின் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். செங்கல்லும் செங்கல்லும் சேராது. கிருமி வீட்டில் கொத்தனார் வேலை ஓய்வதே கிடையாது, வீடு வளர்ந்துகொண்டே இருக்கும். சேராத சுவரில் வெளித்தண்ணீர் புகுந்து அழுத்தும், வீடு டப்பென்று வெடித்துவிடும். குடலின் மேல்முனையில் தொடங்கி, வீடுகள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்துக்கொண்டே வந்தன. ஒச்சாயியிலிருந்து பிரிந்து போனவர்களும் அதில் இருந்தார்கள்.

எதிர் வீட்டு வீராயி எப்போதுமே எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவள். குடலின் ஒரு மடிப்பில் சாப்பாடு கிடைக்காமல் அடுப்புத் தணிந்து கிடந்த நாலைந்து பட்டினி வீடுகளைச் சாறு ஒன்றும் செய்யாமல் கடந்து போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"கட்டுறவதான் வெடிக்கிறா, ஒச்சாயி. கட்டாதவ அப்படியே இருக்கா" என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் கொத்தனார்களை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். அவர்கள் காதில் ஏறினால்தானே. சிறிது நேரத்தில் வீராயியும் வெடித்துப் போனாள்.

ஒச்சாயி தன் கொத்தனார்களைப் பார்த்தாள். அடுப்பு எரிகிற வரை அவர்கள் கட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். வேலையை நிறுத்து என்று சொல்ல ஒரு சீட்டு எழுதலாம் என்றால், புத்தகத்தில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. அடுப்பைத் தணித்தாக வேண்டும். அடுப்பைத் தணிக்கிற பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது குறுணியின் பிடியில் இருந்தது. பிரிந்து போனவர்களின் வீட்டில் அதுவும் இல்லை. நூலை அறுத்து, பக்கத்தைத் திறந்து, எழுத வைத்து, செய்ய வைப்பதற்குள் அவர்கள் கதை முடிந்துவிடும்.

ஒச்சாயி போய்க் குறுணி முன்னால் நின்றாள்.

"என்ன ஆத்தா, சேதி சொல்ல வந்தவ சும்மா நிக்கிற?" என்றாள் குறுணி.

ஒச்சாயி எல்லாவற்றையும் சொன்னாள். கையைக் கொஞ்ச நேரம் விட்டுவிடு, ஒன்றிரண்டு துளையன் வந்து அடுப்பு தணியட்டும், அப்புறம் பிடித்துக்கொள் என்றாள். குறுணி முயன்று பார்த்தாள். இப்படி நெளிந்தாள், அப்படி நெளிந்தாள். எழுத்துக்கு எழுத்து கோத்துக் கிடந்த பிடி அசையவில்லை.

"வர மாட்டேங்குது ஆத்தா. எனக்குக் கோக்கத்தான் தெரியும், விடத் தெரியாது."

அந்த நேரம் பார்த்துக் கத்தரிக்காரி அந்தப் பக்கமாக நடந்து போனாள். வழக்கம் போல அவர்களைப் பார்க்காமலே போனாள். இரண்டு பேரும் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. குறுணியின் வாலைப் பிரித்துவிட்டால் கத்தரிக்காரி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள்.

ஒச்சாயியே பிரித்துவிட்டால் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. அவள் அன்றைக்கு மடித்த மடிப்பு இத்தனை காலத்தில் இறுகிப் போயிருந்தது. வெளியிலிருந்து இழுத்தால் இன்னும் இறுகும். குறுணி தானாக மனசு வைத்து உள்ளிருந்து தளர்த்தினால்தான் பிரியும். ஆக, கேட்டுத்தான் தீர வேண்டும். வெளியே இன்னும் இரண்டு வீடு வெடித்த சத்தம் கேட்டது.

"பிரிச்சுக்கிறியா, தாயி?" என்று கேட்டாள் ஒச்சாயி. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

குறுணி அழவில்லை.

"நான் போனதுக்கப்புறம் என்னைய மறுபடியும் எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? நீ சொன்ன கதையெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். பலரும் அந்த இடத்தில் பொய்தான் சொல்லுவார்கள். ஒச்சாயிக்கு வரவில்லை.

"இருக்காது" என்றாள்.

நேற்று கீழ்மடிப்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாயே, அதை முதலில் சொல்லி முடி என்றாள் குறுணி. சாறு சுவர் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கொத்தனாரின் கையை அது பிடித்தும் விட்டது. அந்த நிலைமையிலும் ஒச்சாயி அந்தக் கதையைச் சொன்னாள். வந்தவர்கள் பெரிய இடம் என்று பீற்றிக்கொண்டு, இருந்த சர்க்கரையையெல்லாம் வளைத்துப் போட்டார்களாம். பார்த்தால் அதைச் செரிக்கிற பக்கமே அவர்கள் புத்தகத்தில் இல்லையாம். அக்கம்பக்கத்தில் போய், கொஞ்சம் தின்று கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்களாம். குறுணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே வாலைத் தளர்த்திவிட்டாள்.

மூன்று சுற்றும் பிரிந்து வால் வெளியே விழுந்தது. கத்தரிக்காரி வந்தாள், பிடித்தாள், நறுக்கினாள். அவளுக்கு அது இன்னொரு சீட்டு.

துளையன் சீட்டு விடுபட்டு அடுப்படிக்குப் போனது. சமையல்காரன் எடுத்துப் படித்து முதல் துளையனைச் செய்தான். அவன் போய்ச் சுவரில் நின்றதும் அடுப்பு ஒரு தடவை நடுங்கியது. இரண்டாவது துளையன் போனதும் அடுப்பு தணிந்து கங்கு மட்டும் மிஞ்சியது. மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தபோது சமையல்காரனுக்கே கை ஓடவில்லை, இருந்த இடத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். அது மட்டும் முடிந்திருந்தால் ஒச்சாயிக்கும் கருத்தாயி கதிதான். கொத்தனார்கள் கையில் செங்கல்லோடு அப்படியே நின்றார்கள். நகல்காரன் பேனாவை வைத்துவிட்டான். ஒச்சாயி தூங்கிப் போனாள்.

சாறு வந்து கொத்தனார்களின் கைகளைத் தடவிப் பார்த்தது. எந்தக் கையும் அசையவில்லை. அதற்கு அங்கே வேலை இல்லை, கடந்து போய்விட்டது.

எத்தனை நாள் தூங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. மழை விட்டது. எருமை கரையேறி நல்ல புல் மேய்ந்தது, நிறையத் தண்ணீர் குடித்தது. சாறு கரைந்து வெளியே போய்விட்டது. சுவரில் நின்ற இரண்டு துளையன்களும் நைந்து உதிர்ந்தார்கள், ஓட்டை மூடிக்கொண்டது. கங்கிலிருந்து அடுப்பு மெல்லப் பற்றியது. ஒச்சாயி கண் விழித்தபோது குடலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடும் இல்லை, சாறு தொடாமல் விட்ட பட்டினி வீடுகளும் பட்டினியிலேயே அணைந்து போயிருந்தன.

துக்கப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. துளையன் சீட்டு அவிழ்ந்தே கிடந்தது. சமையல்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்தான். ஒச்சாயி தட்டுத் தடுமாறிப் போய் நூலை அறுத்து, பக்கத்தை மறுபுறமாகத் திருப்பி, அரைத்தூக்கத்தில் இருந்த நகல்காரன் கையில் பேனாவைத் திணித்தாள். அவன் எழுதினான். சமையல்காரன் சீட்டைக் கையில் எடுத்து முதல் எழுத்தைப் படிக்கப் போகிற நேரத்தில், சின்னச் சீட்டு ஒன்று பறந்து போய் அதன் தலைமாட்டில் கோத்துக்கொண்டது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"குறுணி" என்று கூப்பிட்டாள் ஒச்சாயி.

"யாரைக் கூப்பிடுற? நீ யாரு?" என்றது அந்தச் சீட்டு.

அதே குரல், அதே மேடு பள்ளம். ஆனால் இவள் அவள் இல்லை. ஒச்சாயிக்குத் தெரிந்ததுதான். பழக்க தோஷத்தில் வாலைக் கையில் எடுத்து ஒரு சுற்று மடித்தாள். இரண்டாவது சுற்றுக்குக் கை போகவில்லை. கத்தரிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு நாளும் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"மடிக்கப் போறியாக்கா? மடிக்கிறதுன்னா நான் அடுத்ததைப் பார்க்கப் போறேன்."

ஒச்சாயி மடித்த ஒரு சுற்றையும் பிரித்துவிட்டாள்.

"மடிச்சா இவளும் இருப்பா. பேசுவா, பழகுவா. அப்புறம் ஒரு நாள் இவ முன்னாலயும் வந்து நின்னு அதையே கேக்கணும். ஒருத்திகிட்ட கேட்டதே போதும்."

கத்தரிக்காரி தலையாட்டிவிட்டு நறுக்கினாள். அதற்குள் நகல்காரன் அடுத்த குறுணியை எழுதியிருந்தான். அவள் வந்து பிடித்தாள். அவளையும் நறுக்கியாயிற்று, அடுத்தவள் வந்தாள். பக்கத்தை ஒச்சாயி மறுபடி கட்டவே இல்லை, முன்புறத்திலிருந்து துளையன் சீட்டும் அவ்வப்போது வரட்டும் என்று விட்டுவிட்டாள். நஞ்சு தயாராகக் கிடக்க வேண்டும், அதைப் பிடிக்கக் குறுணி ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும், ஆனால் எந்தக் குறுணியும் தங்கக் கூடாது. கெட்ட காலம் வந்தால் முதலில் தடுமாறுவது நகல்காரனின் கைதான். கை நின்றால் புதுக் குறுணி வராது. பிடித்திருந்தவள் நறுக்கப்பட்டதும் துளையன் சீட்டு தானாக விடுபடும், அடுப்பு தணியும், வீடு தூங்கும். யாரும் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.

சும்மாவா எழுதிக்கொண்டிருக்க முடியும்? நாள் முழுக்க எழுதுவதற்கு அடுப்பு எரிய வேண்டும், சாப்பாடு வேண்டும். எவ்வளவு வீண் வேலை என்று பின்னால் வந்தவர்கள் ஒச்சாயியைக் கேட்டிருக்கிறார்கள். ஆகட்டும் என்று சொல்லிவிடுவாள். முதல் சில நாள் அவள் பழையபடி வந்து ஏதாவது கதையைத் தொடங்குவாள். இரண்டு சொல் சொல்வதற்குள் கேட்கிறவள் மாறியிருப்பாள். அடுத்தவளிடம் முதலிலிருந்து தொடங்குவாள், அவளும் மாறியிருப்பாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். அவள் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது, அவள் அன்றைக்குப் பட்டது பெரிய வேதனை என்பது மட்டும்தான்.

அந்தக் குடல் மறுபடி நிறைந்தது ஒச்சாயி ஒருத்தியிலிருந்துதான். பிரிந்து போன எல்லாரும் நூல் கட்டாத பக்கத்தையே கொண்டு போனார்கள். மனிதர்கள் வந்தார்கள், பூஞ்சணச் சாற்றைப் பிடித்து மருந்தாக்கினார்கள். இப்போது ஆய்வுக்கூடத்துக்காரர்கள் துளையனை நச்சுப் புரதம் என்கிறார்கள், குறுணியைச் சின்ன ஆர்.என்.ஏ. என்கிறார்கள். பேர் எதையோ வைத்துக்கொள்ளட்டும். மருந்து போட்டு ஆயிரம் கிருமி வெடித்தாலும், ஒன்றிரண்டு தூங்கிக் கிடந்து, மருந்து போன பிறகு எழுந்து உட்கார்ந்துவிடுகிறதே என்று அவர்கள் தலையைச் சொறிவதற்குக் காரணம் இந்த ஒச்சாயிதான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், நஞ்சுச் சீட்டு நீண்ட ஆயுசோடு கிடக்க, அதைப் பிடித்து நிறுத்துகிற குறுணிக்கு மட்டும் ஒரு நொடி ஆயுசு. அன்றைக்குத் தொடங்கியதுதான், எந்தக் கிருமியும் தன் வீட்டுக் குறுணியோடு ஒரு வார்த்தைகூடப் பேச்சுக் கொடுப்பதில்லை.